கோட்டை வாசல் தண்டம்

மோகன்குமார் கோட்டைக்குக் கட்ட வேண்டிய தண்டம் மூவாயிரத்து எண்ணூற்று நாற்பது பொற்காசு. கம்ப்யூட்டர் விளையாட்டுக்குள் இருக்கிற கோட்டை அது, காசும் அதற்குள்தான் செல்லும். ஆனாலும் திரையின் மூலையில் அந்த எண் சிவப்பாக நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் அவன் அப்பா மலைச்சாமி கண்ணைத் திருப்பிக்கொள்வார். தண்டம் விழுந்ததே அவரால்தான். முதல் நாள் எந்தப் பட்டன் எதற்கென்று பிடிபடவில்லை. மகன் கட்டிலில் படுத்தபடி சொல்லச் சொல்ல இவர் அமுக்க வேண்டும். மூட்டை தூக்கித் தடித்த விரல் ஒன்றை அமுக்கினால் பக்கத்துப் பட்டனும் சேர்ந்து அமுங்கும். அப்படி அமுங்கியதில், திரைக்குள் மகன் பேரிலேயே இருந்த மோகன்குமார், கோட்டைச் சந்தையில் சிவனே என்று முட்டைக்கோஸ் விற்றுக்கொண்டிருந்த ஆளை ஒரே வெட்டாக வெட்டிவிட்டான். பதறிப்போய் இவர் கையை இழுக்க, இழுத்த வேகத்தில் இரண்டு காவலாளிகளும் சாய்ந்தார்கள்.

“ஏப்பா, முட்டைக்கோசு யாவாரியப் போட்டுட்டியே. மார்க்கெட்டுல யாரு மேலப்பா உனக்குக் காண்டு?”

சொல்லிவிட்டு மோகன்குமார் சிரித்தான். விபத்து நடந்து எட்டு மாதத்துக்குப் பிறகு அவன் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். அதனால் மலைச்சாமியும் சிரித்தார். சிரித்துக்கொண்டே, மூன்று பேர் செத்த பாவத்துக்கு மனசுக்குள் மாரியம்மனிடம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டார்.

நிலக்கோட்டையிலிருந்து மல்லிகை ஏற்றிக்கொண்டு வேன் ஓட்டிப்போன மோகன்குமார் சேவுகம்பட்டி தாண்டி ஒரு நாயைக் காப்பாற்ற வண்டியை ஒடித்தான். நாய் பிழைத்தது. முப்பது வருசமாக வெங்காய மூட்டை சுமந்த அப்பன் கழுத்து அப்படியே இருக்க, பூ ஏற்றிப் போனவன் கழுத்து போய்விட்டது. பேச்சு இருந்தது, தலை திரும்பியது, தோளுக்குக் கீழே எதுவும் அவன் சொன்னதைக் கேட்கவில்லை. வந்து வந்து பார்த்த கூட்டாளிகள் மாதத்துக்கு ஒருவராகக் குறைந்தார்கள். கடைசிவரை நின்றவன் ஜமால் முகமது ஒருத்தன்தான். பேகம்பூரில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். அவன்தான் ஒரு பழைய கம்ப்யூட்டரைத் தட்டிச் சரிசெய்து, இந்த விளையாட்டையும் ஏற்றிக் கொண்டுவந்து வைத்தான். பலகை வித்தையைக் கற்றுக் கொடுத்ததும் அவன்தான்.

ஒன்று என்ற எண்ணுக்கு இடது பக்கம் ஒரு பட்டன். அதைத் தட்டினால் மேலிருந்து கருப்புப் பலகை ஒன்று இறங்கும். இறங்கினதும் அந்த உலகமே நின்றுபோகும். பறந்த குருவி பறந்த இடத்தில் நிற்கும். ஓங்கின வாள் ஓங்கினபடி இருக்கும். பலகையில் ஒரு கட்டளையை எழுதி, பக்கத்தில் பொருளின் எண்ணை எழுதி, எத்தனை வேண்டுமென்றும் எழுதிவிட்டால் போதும். பலகை மேலே ஏறும்போது கேட்டது பைக்குள் இருக்கும்.

“வெளையாட்டச் செஞ்சவன் தனக்குச் சோதிச்சுப் பாக்க வச்ச கொல்லப்பொறக் கதவு மாமா இது” என்றான் ஜமால். “நம்ம அந்த வழியாப் போயி வேணுங்கிறத எடுத்துக்கிருவோம்.”

“திருட்டாகாதா மாப்ள?”

“யாருகிட்ட மாமா திருடுறோம்?”

மலைச்சாமி எழுத்துக் கூட்டப் பழகியது நாற்பத்தியோரு வயதில், சுமைதூக்குவோர் சங்கத்து ஆபீசில். இங்கிலீஷ் எழுத்தை யாரும் சொல்லித்தரவில்லை. யாவாரிகள் மூட்டையில் போடும் குறிகளைப் பார்த்துப் பார்த்து அவராகப் பிடித்துக்கொண்டது. எழுத்து தெரியும், சேர்த்தால் என்ன அர்த்தம் என்று தெரியாது. அதைக்கொண்டே நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, மகன் சொல்லச் சொல்ல எழுதி வைத்தார். குதிரைக்கு ஒரு எண், கம்பளிக்கு ஒரு எண், காயம் ஆற்றுகிற மருந்துக்கு ஒரு எண். எல்லாம் எட்டெட்டு இலக்கம், நடுவே எழுத்தும் கலந்து வரும். மருந்தின் எண் மட்டும் மனப்பாடமாகிவிட்டது. வெங்காய மூட்டையோடு லாரிப் பலகையில் ஏறும்போது வாய் தானாக முணுமுணுக்கும்.

“என்னண்ணே, எட்டு நம்பரா? மூணு நம்பர் லாட்டரிச் சீட்டே நமக்கு விழுக மாட்டேங்குது” என்பான் கூட வேலை பார்க்கும் சடையாண்டி.

“இது விழுகுறதுடா” என்பார் மலைச்சாமி.

ஆஸ்பத்திரியில் எழுதித் தருகிற எந்த மருந்தும் இப்படிக் கேட்டவுடனே கிடைத்ததில்லை. இதில் கிடைத்தது. அந்தச் சந்தோசத்தில் ஒரு நாள், “அப்பு, அந்தத் தண்டத்தையும் அழிச்சுருவோமே. அதுக்கும் ஒரு கட்டள இருக்குமுல்ல?” என்று கேட்டார்.

“இருக்கு. வேணாம்.”

“கடன்டா அது.”

“கெடக்கட்டும்ப்பா. அது இருக்குறதுனாலதான் காவக்காரன் என்னையத் தேடி வாரான். அதையும் அழிச்சுட்டா என்னையத் தேடி எவன் வருவான்?”

அவன் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். மலைச்சாமி நோட்டை மூடி வைத்தார். அந்தக் கட்டளை நோட்டில் ஏறவே இல்லை.

போன திங்கட்கிழமை மதுரைக்கு ஆம்புலன்ஸ் பிடித்துக் கொண்டுபோய்ப் பெரிய டாக்டரிடம் காட்டினார்கள். மோகன்குமார் வழி நெடுக ஒரே பேச்சு. கால் வேணாம்ப்பா, விரல் மட்டும் வந்துட்டாப் போதும், நானே அமுக்கிக்கிருவேன், உனக்கு வேல மிச்சம். டாக்டர் படங்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். நல்ல மனுசன், சுற்றி வளைக்கவில்லை. ரெண்டு வருசம் ஆயிருச்சு, இனிமே விரல் வராது, இருக்கிறத வச்சுப் பழகிக்கணும் என்றார். திரும்பி வரும்போது வண்டிக்குள் சக்கரச் சத்தம் மட்டும் கேட்டது.

வீட்டுக்கு வந்ததும் மோகன்குமார் வாயை மூடிக்கொண்டான். தாய் முத்துப்பேச்சி சோற்றைக் குழையப் பிசைந்து கொண்டுவந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டான். கஞ்சி கொண்டுவந்தாள். முகத்தைத் திருப்பினான். ஏச்சும் பேச்சுமாகப் பார்த்தாள், அழுது பார்த்தாள், “எங்க ரெண்டு பேரையும் கொன்னுட்டு நீ போடா” என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு பார்த்தாள். உதட்டில் நனைத்த தண்ணீர் மட்டும் உள்ளே போனது. ஜமால் வந்து ஒரு மணி நேரம் பேசிவிட்டு, வெளியே போய்ப் பைக்கை எடுக்காமல் அப்படியே நின்றுகொண்டிருந்தான். வந்து பார்த்த நர்சம்மா, இன்னும் ஒரு நாள் போனால் ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து சேர்த்து மூக்கு வழியாகத்தான் ஊற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான்காம் நாள் மத்தியானம் மலைச்சாமி லோடு முடியாமலே வீட்டுக்கு வந்துவிட்டார். தலைத்துண்டைக்கூட அவிழ்க்கவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மகனின் விலா எலும்பு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார். செத்த நேரம் கழித்து அவன் கண்ணைத் திறந்தான்.

“ப்பா. மிஷினப் போடு.”

மலைச்சாமிக்கு உயிர் வந்தது. பேசிவிட்டான், விளையாடக் கேட்கிறான், இனிமேல் சாப்பிட்டுவிடுவான். எழுந்து சுவிட்சைப் போட்டார். திரைக்குள் கோட்டை வாசல் தெரிந்தது. அங்கே மழை பெய்துகொண்டிருந்தது.

“பலகைய எறக்கு. எழுத்தெழுத்தாச் சொல்றேன், அடி.”

சொன்னான். நோட்டில் இல்லாத புதுக் கட்டளையாக இருந்தது. ஒவ்வொரு எழுத்தையும் தேடித் தேடி அடித்தார் மலைச்சாமி. என்னவென்று கேட்கவில்லை. அவன் கேட்பது எதுவாக இருந்தாலும் கொடுத்துவிடுகிற நிலையில் இருந்தார்.

“ஒரு எடம் விட்டு, சைபர். அம்புட்டுத்தான். தட்டு.”

தட்டினார். பலகை மேலே ஏறியது. திரைக்குள் நின்ற மோகன்குமார் வயிற்றில் குத்துப்பட்டவன் மாதிரி முன்னால் மடங்கினான். கீழே நீளமாக ஓடும் சிவப்புக் கோடு சர்ரென்று சுருங்கி, ஒரு நூல் அளவுக்கு வந்து நின்றது. மடங்கினவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான். விழவில்லை.

மோகன்குமார் திரையையே பார்த்தான். “சைபர்னுதான சொன்னேன்?”

“சைபர்தான்டா அடிச்சேன்.”

“சைபர் அடிச்சா இவன் ஏன் நிக்கிறான்?”

மலைச்சாமி தன் விரலைப் பார்த்தார். “கூட ஒண்ணு அடிச்சேன்.”

“ஒண்ணு எதுக்கு?”

“வெறுஞ் சைபரோட எப்படிடா நிப்பாட்டுறது? மொய் எழுதுனாக்கூட நூத்தியொண்ணு, ஐநூத்தியொண்ணுன்னுதான எழுதுவோம். கை தானாப் போயிருச்சு.”

“அதான் என் பையில மருந்து நூத்தியொண்ணு, அம்பு ஐநூத்தியொண்ணா கெடக்கா? கேமுலதான் ஏதோ கோளாறுன்னு நெனச்சேன்.” சிரிப்பு மாதிரி ஒன்று உதட்டுக்கு வந்து, வந்த வேகத்தில் போய்விட்டது.

“அது என்னத்தடா எழுதச் சொன்ன?”

மோகன்குமார் கண்ணை வேறு பக்கம் திருப்பினான்.

“உன்னையத்தான கேக்குறேன். எழுதுன எழுத்து என்ன?”

“உசுரு” என்றான் மோகன்குமார். “உசுர சைபராக்கச் சொன்னேன். அவனாச்சும் போகட்டும்னு.”

மலைச்சாமி குனிந்து பார்த்தார். விரல் இன்னும் பட்டன் மேலேயே இருந்தது. அதை எடுத்து வேட்டியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். “என் கையாலயா அடிக்கச் சொன்ன?”

“எனக்குக் கை இருந்தா உன்னைய ஏன்ப்பா கேக்குறேன்?”

அப்போதுதான் கோட்டை வாசலில் நின்ற காவலாளி திரும்பினான். மூவாயிரத்து எண்ணூற்று நாற்பது பொற்காசு பாக்கிக்காரனைக் கண்டுகொண்டான். வாளை உருவிக்கொண்டு சேற்றில் ஓடி வந்தான். ஓடச் சொல்லுவான் என்று மலைச்சாமி மகனின் முகத்தைப் பார்த்தார். அவன் ஓடச் சொல்லவில்லை. கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருப்பவன் மாதிரி, வருகிறவனைப் பார்த்துக்கொண்டிருந்தான். மலைச்சாமி பாய்ந்து அந்த ஒற்றைப் பட்டனைத் தட்டினார். பலகை இறங்கியது. ஓங்கின வாள் தலைக்கு ஒரு முழம் மேலே நின்றது. மழைத்துளிகளும் அங்கங்கே நின்றன.

மருந்தின் எண்ணை நோட்டைப் பார்க்காமலே அடித்தார். சிவப்பு நூல் துளிகூட வளரவில்லை.

“மருந்து குடிச்சாலும் ஏறாது. மொத்த உசுரே ஒண்ணுதான் இப்ப” என்றான் மகன்.

“அந்த எழுத்தத் திரும்பச் சொல்லு. ஆயிரத்தொண்ணு போடுறேன்.”

“வேணாம்.”

“சொல்லுடா.”

“ஆயிரத்த வச்சுக்கிட்டு என்ன செய்யப் போறேன்? பலகைய எடுப்பா. அவன் வரட்டும்.”

“எடுக்க மாட்டேன்.” மலைச்சாமி நாற்காலியை இழுத்துத் திரைக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார். “நீ சோத்துக்கு வாயத் தொறக்குற மட்டும் அவன் அங்கனயே நிக்கட்டும். எனக்கு மார்க்கெட்டும் இல்ல, மயிருமில்ல. நானும் இங்கனயே இருக்கேன்.”

நேரம் போய்க்கொண்டிருந்தது. வெளியே ஒரு தள்ளுவண்டிக்காரன் கூவிப் போனான். முத்துப்பேச்சி கஞ்சித் தம்ளரோடு உள்ளே வந்து, திரையைப் பார்த்து, “என்ன, படம் நின்னுபோச்சா?” என்றாள்.

“நிக்குது” என்றார் மலைச்சாமி.

அவர் குரலில் இருந்த ஏதோ ஒன்றைக் கேட்டு அவளும் அப்படியே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். தம்ளரில் ஆடை படிந்தது. மலைச்சாமிக்குக் கோபம், பயம் எல்லாம் வடிந்துபோய் வெறும் அசதிதான் மிஞ்சியது. லாரியில் கடைசி மூட்டைக்கு நிற்கும்போது வருமே, அந்த அசதி. மகனைத் திரும்பிப் பார்க்காமலே பேசினார்.

“தேடி வாரான், தேடி வாரான்னியே. பாரு நல்லா. வெட்டத்தான்டா வாரான். சோறும் வெஞ்சனமும் கட்டிக்கிட்டா வாரான்?”

முத்துப்பேச்சிக்கு ஒன்றும் விளங்கவில்லை. புருசனையும் மகனையும் மாறி மாறிப் பார்த்தாள்.  மோகன்குமாரின் கண்ணோரத்தில் நீர் வழிந்து காதுக்குள் போனது. துடைக்க அவனுக்கு வழியில்லை. தாய் முந்தானையால் ஒற்றி எடுத்தாள்.

“ப்பா.”

“ம்.”

“உசுரு ஒண்ணே இருக்கட்டும். அதக் கூட்டாத.”

“சரி.”

“தண்டத்த மட்டும் எடு.”

எழுத்து எழுத்தாகச் சொன்னான். தொண்டை வறண்டு பாதியில் குரல் நின்றது. முத்துப்பேச்சி கரண்டியில் தண்ணீர் விட்டாள், விழுங்கிவிட்டு மீதியைச் சொன்னான். மலைச்சாமி ஒவ்வொரு பட்டனையும் மற்றது அமுங்காமல் நகத்தின் நுனியால் அமுக்கினார். இந்தக் கட்டளைக்கு எண் எதுவும் வேண்டியிருக்கவில்லை. தட்டினார். திரையின் மூலையில் இருந்த சிவப்பு எண் அழிந்து, அந்த இடம் வெறுமையாயிற்று.

பலகை மேலே ஏறியது. நின்றிருந்த மழை விழத் தொடங்கியது. காவலாளி ஓங்கின கையை இறக்கினான். எதற்கு ஓடி வந்தோம் என்பதே மறந்துபோனவன் மாதிரி எதிரில் நின்றவனை ஒரு முறை பார்த்தான். வாளை உறையில் போட்டுக்கொண்டு சேற்றில் நடந்துபோய், வாசல் வளைவுக்குக் கீழே ஒதுங்கினான். குளிருக்குத் தன் இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றோடொன்று தேய்க்க ஆரம்பித்தான். தேய்த்து வாயருகே கொண்டுபோய் ஊதினான், மறுபடி தேய்த்தான். கட்டிலில் கிடந்தவனும், கரண்டியில் கஞ்சியை எடுத்துப் பிடித்திருந்த தாயும், பட்டன்களிலிருந்து விரலை எடுத்துவிட்ட தகப்பனும் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.