கைகாட்டி காட்டிய யானை

அந்தக் காட்சிமுனையில் காட்சி ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் இருந்தன. விழாமல் இருக்க இரும்புக் கம்பித் தடுப்பு, உட்கார சிமெண்ட் பெஞ்சு, மூடுபனியை இன்னும் பெரிதாக்கிக் காட்ட ஒரு தொலைநோக்கி. அதை ஒட்டி ஒரு விடுதி. பள்ளத்தாக்கைப் பார்த்தபடி இருந்த அறைகளுக்குக் காட்சி அறை என்று பெயர். சமையற்கட்டைப் பார்த்தபடி இருந்தவற்றுக்குப் பெயர் எதுவும் கிடையாது. ஆனால் அங்கே தங்கியவர்கள் ஜன்னலைத் திறந்தால் ஒரு சுவரையாவது பார்த்தார்கள்.

வருஷம் முழுக்க மூடுபனிதான். மழைக்காலத்தில் நனைந்த மூடுபனி, வெயில்காலத்தில் காய்ந்த மூடுபனி, அவ்வளவுதான் வித்தியாசம். இப்படிப்பட்ட இடத்தில், வருகிறவர்களுக்கு இயற்கையைக் காட்டுவதற்கென்றே விடுதிக்காரர் ஒரு வழிகாட்டியைச் சம்பளத்துக்கு வைத்திருந்தார். எந்நேரமும் வலது கையை நீட்டியபடி நிற்பதால் அவருக்குக் கைகாட்டி என்றே பெயர் விழுந்துவிட்டது. தூங்கும்போதுகூட அந்தக் கை மடங்குவதில்லை என்று அவர் மனைவி சொல்வாள்.

அவர் வேலையில் சேர்ந்த அன்று, ஓய்வுபெற்றுப் போன பழைய வழிகாட்டி தொழில் ரகசியத்தைக் காதோடு சொல்லிவிட்டுப் போனார். "இடது பக்கம் யானை படுத்த மாதிரி ஒரு பாறை. நடுவுல அருவி. வலது பக்கம் ஏரி. இதுக்கு மேல என்னைக் கேக்காதே, எனக்கும் இவ்வளவுதான் சொன்னாங்க."

கைகாட்டிக்கு இது போதாதா? கொடுத்ததை வைத்துக் குடும்பம் நடத்தத் தெரிந்தவர். ஒரு மழைக்காலத்தில் யானைக்குக் குட்டி பிறந்தது. ஏரியில் ஒரு படகு வந்தது. படகு சும்மா கிடக்கிறதே என்று அதில் ஒரு ஆளை உட்கார வைத்தார். அந்த ஆள் நனையக்கூடாதே என்று கையில் ஒரு குடையையும் கொடுத்தார். சுற்றுலா வந்தவர்கள் வெள்ளைச் சுவர் போன்ற பனியைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, அதற்கு முன்னால் நின்று படம் பிடித்துக்கொண்டார்கள். எல்லாப் படமும் பாஸ்போர்ட்டுக்கு எடுத்தது போலவே விழுந்தது. ஒருவர் அதை நிஜமாகவே பாஸ்போர்ட்டுக்குக் கொடுத்து, அதுவும் வந்துவிட்டதாம்.

எதிரொலியும் உண்டு. தடுப்பைப் பிடித்துக்கொண்டு "ஓ..." என்று கத்தினால் பனிக்குள்ளிருந்து "ஓ..." என்று பதில் வரும். சில சமயம் இவர்கள் கத்துவதற்கு முன்பே வந்துவிடும். ஒருமுறை ஒருவர் "சாப்பிட்டாச்சா?" என்று கத்த, "இப்பதான்!" என்று பதில் வந்தது. "இந்த மலையோட எதிரொலி கொஞ்சம் விவரமானதுங்க" என்று கைகாட்டி சமாளித்தார். அதற்கு மேல் அதைப் பற்றி யோசிக்க அவருக்குத் துணிச்சல் வரவில்லை.

அவர் வீடு மலையடிவாரத்தில். மனைவிக்கு வளைவான பாதை ஒத்துக்கொள்ளாது. பஸ் கிளம்புவதற்கு முன்பே, பஸ்ஸைப் பார்த்ததுமே குமட்டும் ரகம். அதனால் ஒருநாளும் மேலே வந்ததில்லை. ஆனால் தினமும் சாயங்காலம் அவர் சட்டையைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவாள். "இன்னிக்கு யானைக்குட்டி எப்படிங்க இருந்துச்சு? குடைக்காரர் வந்தாரா?" கைகாட்டியும் சலிக்காமல் சொல்வார். விடுதிக்கு வருகிறவர்களுக்குச் சொல்வதைவிட அவளுக்குச் சொல்வதில்தான் அவருக்கு ருசி அதிகம்.

வினை வந்தது ஒரு கல்யாண வீட்டில்.

மனைவியின் அக்காவைக் கட்டியவர், அதாவது கைகாட்டியின் சகலை, ஒரு பல் டாக்டர். ஊரில் உள்ள எல்லோரையும் வாயைப் பிளக்க வைப்பது அவர் தொழில். தான் மட்டும் எதைப் பார்த்தும் வாயைப் பிளந்ததே இல்லை. பனிமலை, பாலைவனம், கடலுக்கடியில் ஓட்டல் என்று அவர் போகாத இடம் பாக்கியில்லை. எங்கே போய் வந்தாலும் "பரவாயில்ல, சுமாரா இருந்தது" என்பார். கல்யாண வீட்டில் போனைத் தட்டித் தட்டி அவர் படம் காட்ட, கைகாட்டியின் மனைவி கழுத்து வலிக்கப் பார்த்தாள். கடைசியில் அக்கா சும்மா இருக்காமல், "உன்னையும் உன் வீட்டுக்காரர் எங்கயாவது கூட்டிட்டுப் போகக்கூடாதா? பாவம், வீட்டுலயே கிடக்கிற" என்று சொல்லி வைத்தாள்.

"எங்க வீட்டுக்காரர் காட்டுற இடத்தை நீங்க யாரும் பார்த்ததில்லையே அக்கா" என்றாள் தங்கை, தலையை நிமிர்த்தி. பிறகு யானையில் ஆரம்பித்துக் குடைக்காரர் வரை ஒன்றுவிடாமல் எடுத்துவிட்டாள். பந்தியே கை நனைக்காமல் கேட்டது.

"அப்படியா?" என்றார் பல் டாக்டர். "அப்ப அடுத்த வாரம் வந்து பார்த்துட வேண்டியதுதான். என்ன சொல்றீங்க சகலை?"

கைகாட்டி சாப்பிடாமலே இலையை மூடினார். தன் குட்டு வெளிப்படுவதைப் பற்றிக்கூட அவர் அவ்வளவு கவலைப்படவில்லை. வாழ்க்கையிலேயே முதல்முறையாக அக்காவுக்கு முன்னால் நிமிர்ந்த தலை. அது தன்னால் குனியப் போகிறதே என்றுதான் கவலை. மற்றவர்கள் பனி விலகவேண்டும் என்று சாமி கும்பிடுவார்கள். அந்த வாரம் முழுக்க இவர் ஒருவர் மட்டும், பனி இன்னும் நாலு மடங்கு கெட்டியாகவேண்டும் என்று கும்பிட்டார்.

வந்துவிட்டார்கள். பல் டாக்டரும் அக்காவும் காரில். கைகாட்டியின் மனைவி எலுமிச்சம்பழத்தை மூக்கிலிருந்து எடுக்காமல், கண்ணை இறுக மூடிக்கொண்டு, புருஷனோடு பஸ்ஸில். பல் டாக்டர் காட்சி அறைக்குள் போனதும் மெத்தையை அமுக்கிப் பார்த்தார். குழாயைத் திறந்து தண்ணீருக்குள் விரலை விட்டார். அலமாரிக் கதவைப் பிடித்து ஆட்டி, "ஆடுது" என்றார், பல்லைப் பற்றிச் சொல்வது போலவே. பிறகு ஜன்னல் திரையை விலக்கினார். வெளியே வெள்ளை வெளேர் என்று இருந்தது.

"திரைக்குப் பின்னாடி இன்னொரு திரை போட்டிருக்கீங்களா சகலை?"

"பனிங்க. காலையில பார்த்துக்கலாம், முதல்ல ஓய்வெடுங்க" என்று சொல்லிவிட்டுக் கைகாட்டி நழுவினார். அன்று அவரும் மனைவியும் விடுதிக்காரர் தயவில் சமையற்கட்டுப் பக்கத்து அறையில் தங்கினார்கள்.

மறுநாள் காலை எல்லோரும் தடுப்பருகே கூடினார்கள். விடுதியில் இருந்த மற்ற குடும்பங்களும் ஸ்வெட்டரும் மஃப்ளருமாக வந்து நின்றன. பனி நல்ல கெட்டியாக இருந்தது. கைகாட்டிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு கையை நீட்டினார்.

"இடது பக்கம் பாருங்க. யானை படுத்திருக்கு. பக்கத்துலயே குட்டி. நடுவுல, வெள்ளிக் கம்பி மாதிரி அருவி. வலது பக்கம் ஏரி, ஏரியில படகு..."

"படகுல குடைக்காரர்" என்று மனைவி கூடவே முணுமுணுத்தாள். மனப்பாடமான பாட்டை மேடையில் கேட்கிறவளின் பூரிப்பு அவள் முகத்தில் இருந்தது.

"எங்க?" என்றார் பல் டாக்டர்.

"அங்கதாங்க. பனிக்கு உள்ள."

"சரி, பனி போகட்டும்." அவர் சிமெண்ட் பெஞ்சில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "பார்க்காம நான் எழுந்திரிக்கிறதா இல்ல."

அந்த நேரம் பார்த்துத்தானா காற்று வரவேண்டும்? விடுதிக் கொடியில் காய்ந்த படுக்கை விரிப்புகள் படபடவென்று அடித்துக்கொண்டன. தொலைநோக்கியின் மூடி கழன்று உருண்டது. அத்தனை வருஷமாக நகராத மூடுபனி, பஸ் வந்துவிட்ட பயணியைப் போல அவசர அவசரமாக மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பியது.

பள்ளத்தாக்கின் அடி முதலில் தெரிந்தது. அங்கே புதரும் கல்லும்தான். அருவியைக் காணோம். வலது பக்கம் ஒரு சரிவு, ஏரியைக் காணோம். எதிரே, கூப்பிடு தூரத்தில், ஒரு மொட்டைப் பாறை. அதன்மேல் ஒரு இரும்புக் கம்பித் தடுப்பு. அந்தத் தடுப்பைப் பிடித்தபடி ஸ்வெட்டரும் மஃப்ளருமாக ஒரு கூட்டம். அத்தனை பேரும் இந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூட்டத்துக்கு முன்னால் ஒரு ஆள், கையிலிருந்த குடையை இவர்களை நோக்கி நீட்டியபடி சிலையாக நின்றார்.



பல் டாக்டர் நிதானமாக எழுந்து வந்தார். "வெறும் மொட்டைப் பாறை. யானை எங்க சகலை? அருவி எங்க? ஏரி எங்க?" மயக்க ஊசி போடாமல் ஒவ்வொரு கேள்வியாகப் பிடுங்கினார்.

கைகாட்டிக்கு நீட்டிய கையை மடக்கக்கூடத் தெரியவில்லை. மனைவி பக்கம் திரும்பினால் அழுதுவிடுவோம் என்று பயந்து, மூடி இல்லாத தொலைநோக்கியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அதோ!" என்று அவள் குரல் கேட்டது. "அக்கா, அதோ பாரு, குடைக்காரர்!"

எல்லோரும் பார்த்தார்கள். குடை இருந்தது, பிடித்திருந்த ஆளும் இருந்தார். மறுக்க முடியவில்லை.

"சரி, படகு எங்க?" என்றார் பல் டாக்டர்.

"பகல் பூரா படகுலயே உட்கார்ந்திருக்க முடியுமா மாமா? கரை ஏறியிருப்பார்."

அப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "அண்ணே...!"

கைகாட்டிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் குரலை அவருக்குத் தெரியும். இத்தனை வருஷமாக "ஓ" போட்ட அதே எதிரொலி.

"அண்ணே...! அந்தப் பக்கம் ராஜா அரண்மனை இருக்குல்ல?" குரல் கணீரென்றுதான் ஆரம்பித்தது, முடியும்போது நடுங்கியது. குடைக்காரருக்குப் பக்கத்தில் இடுப்பில் கைவைத்தபடி ஒருவர் நின்றிருந்தார். அவரும் யாருக்கோ சகலையாகத்தான் இருக்கவேண்டும்.

கைகாட்டி திரும்பிப் பார்த்தார். காரை பெயர்ந்த விடுதி, மேலே கறுப்புத் தண்ணீர்த் தொட்டி, கொடியில் படுக்கை விரிப்புகள். ஒரு தொழில்காரனின் தவிப்பு இன்னொரு தொழில்காரனுக்குத் தெரியாதா? கையை வாய்க்குக் குவித்துக்கொண்டார்.

"இருக்குண்ணே! இதோ எனக்குப் பின்னாடிதான்! ராஜா வீட்டுத் துணியெல்லாம் காயுது பாருங்க!"

எதிர்ப்பக்கம் கைதட்டல் எழுந்தது. இடுப்பில் கைவைத்திருந்தவர் கையை எடுத்தார்.

"அண்ணே!" என்று இப்போது கைகாட்டி கத்தினார். அடிவயிற்றிலிருந்து வந்தது குரல். "அந்தப் பக்கம் யானைப் பாறை இருக்குதா?"

குடைக்காரர் இடமும் வலமும் பார்த்தார். பிறகு குனிந்து தன் காலடியைப் பார்த்தார். "இருக்குண்ணே! நாங்க நிக்கிறதே அது முதுகுமேலதான்!"

"குட்டி?"

"பின்னாடி தூங்குது!"

"ஏரி?"

"அதுக்கும் பின்னாடி! தண்ணி தளும்புது! அங்கிருந்து தெரியாது!"

"அருவி?"

இதற்குச் சற்று நேரம் பிடித்தது. "மத்தியானம்தான் திறந்துவிடுவாங்கண்ணே!"

அதற்கு மேலும் கேட்டு அந்த நல்ல மனுஷனைச் சோதிக்கக் கைகாட்டிக்கு மனம் வரவில்லை. பனியும் போன காரியம் முடிந்தது போலத் திரும்பி வந்து எல்லாவற்றையும் மூடிக்கொண்டது.

பல் டாக்டர் பனியையே முறைத்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார். "அந்தப் பாறை கொஞ்சம் வளைஞ்சுதான் இருந்தது. முதுகுதான். நான் பார்த்த உடனே நினைச்சேன்."

"மொட்டைப் பாறைன்னுதானே சொன்னீங்க?" என்றாள் அக்கா.

"மொட்டையா இருக்கிற முதுகுன்னு சொன்னேன். சரியாக் கேளு."

சாப்பாடு முடிந்ததும் அவர் காரை எடுத்துக்கொண்டு மலையைச் சுற்றி எதிர்ப்பக்கம் போனார். ஏரியைப் பார்க்காமல் ஊர் திரும்புவதில்லை என்று ஒரே பிடிவாதம். கைகாட்டி மறுபடி பயந்தார். ஆனால் அங்கே இருப்பவர் லேசுப்பட்ட ஆள் இல்லை என்ற தெம்பும் இருந்தது. சாயங்காலம் பல் டாக்டர் திரும்பி வந்தபோது அவர் வாய் நிஜமாகவே பிளந்திருந்தது.

"என்ன ஏரி சகலை! படகுகூட இருந்தது. இந்தாங்க, பாருங்க." போனை நீட்டினார். சுத்தமான வெள்ளைச் சதுரம்.

கைகாட்டி கண்ணைச் சுருக்கிக் கவனமாகப் பார்த்தார். "நல்லா விழுந்திருக்குங்க" என்றார்.

அக்கா தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ குடுத்து வெச்சவடி" என்றாள். தங்கையின் தலை நேராக நின்றது.

கடைசிப் பஸ்ஸில் கைகாட்டியும் மனைவியும் மலை இறங்கினார்கள். அவர் ஜன்னல் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். ஊருக்குச் சொன்ன பொய் அவரை உறுத்தவில்லை. சட்டையைக் கழற்றும்போதே சொன்ன பொய்கள்தான் வரிசைகட்டி நின்று உறுத்தின.

"ஏங்க, ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லணும்."

வந்தது வரட்டும் என்று திரும்பினார். "கேளு."

"குடைக்காரர் படகை விட்டு எப்ப இறங்கினார்?"

அவள் உதட்டோரத்தில் சிரிப்பு இருந்தது. கைகாட்டி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "உனக்கு... எப்பத் தெரியும்?"

"யானைக்குக் குட்டி பொறந்திருக்குன்னு சொன்னீங்களே, அன்னிக்கே. பாறைக்கு எப்படிங்க குட்டி பொறக்கும்?"

"தெரிஞ்சுமா தினமும் கேட்ட?"

"கேட்டாத்தானே சொல்லுவீங்க" என்றாள் அவள்.

வெளியே வளைவு மேல் வளைவாகப் போய்க்கொண்டிருந்தது. எலுமிச்சம்பழம் அவள் மடியில் சும்மா கிடந்தது.

"சரி, சொல்லுங்க. யானைக்குட்டி இன்னிக்கு என்ன பண்ணுச்சு?"

கைகாட்டி நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, வழக்கம்போல வலது கையை நீட்டினார். முன்சீட்டுக்காரரின் தொப்பி கழன்று ஓட்டுநர் வரை உருண்டு போனது.