நாலு நாலு பேராக

ஐம்பத்தெட்டாம் வருஷம், தேவிபட்டினத்துக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊரில் காலரா கண்டது. மூன்றே நாளில் பதினோரு பேரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். போலீஸ் கொடுத்த உத்தரவைத் தெருத்தெருவாகப் பறையறைந்து சொல்லிப்போனான் தண்டோரா இருளாண்டி.

"ஐந்து பேர் ஓரிடத்தில் கூடக் கூடாது! நோயைப் பற்றி வதந்தி பரப்பினால் கைது!"

ஆப்பம் சுட்டு விற்கும் ரம்ஜான் பீவி வாசலுக்கு வந்தாள்.

"அதெல்லாஞ் சரிண்ணே. எந்தத் தண்ணியக் குடிக்கக் கூடாதுன்னு அதுல போட்டிருக்கா?"

இருளாண்டி காகிதத்தைத் திருப்பிப் பார்த்தான். ஒன்றும் இல்லை. அவனுக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. நேரே பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த சுகாதார ஆய்வாளரிடம் போனான்.

"மேலத்தெருக் கிணறுதான்ப்பா. நேத்தே ஸ்டேஷனுக்கு எழுதிக் கொடுத்திட்டேனே" என்றார் அவர்.

அடுத்த தெருவிலிருந்து இருளாண்டி உத்தரவோடு ஒரு வரியைச் சேர்த்தான்: "மேலத்தெருக் கிணத்துத் தண்ணிய யாரும் குடிக்காதீக! மத்த தண்ணியக் கொதிக்க வச்சுக் குடிங்க!"

மூன்றாவது தெருவில் சப்-இன்ஸ்பெக்டர் சின்னச்சாமி மறித்தார்.

"ஏலே, உத்தரவுல இல்லாததச் சொல்ல உனக்கு யாரு அதிகாரம் குடுத்தது? நடலே ஸ்டேஷனுக்கு."

பெஞ்சில் உட்கார வைத்தார்கள். சொன்னதைத் தப்பென்று நினைக்க இருளாண்டிக்கு மனசு வரவில்லை.

அரைமணி நேரத்தில் நாலு பெண்கள் வந்தார்கள். "அய்யா, மேலத்தெருக் கிணறு கெட்டதா இல்லையா?" "வீட்டுக்குப் போங்கம்மா" என்றார் சின்னச்சாமி. வெளியே போனார்கள். அடுத்த நாலு பேர் உள்ளே வந்தார்கள், அதே கேள்வி. சன்னல் வழியாகப் பார்த்தார் சின்னச்சாமி. சந்தின் முனைவரை, இருபதடிக்கு ஒரு கூட்டமாக நாலு நாலு பேராய்ப் பெண்கள் நின்றார்கள். எந்த இடத்திலும் ஐந்தாவது ஆள் இல்லை.

ஐந்தாம் தடவை ரம்ஜான் பீவி வந்தாள். அவர் களைத்துப் போயிருந்தார்.

"கடுதாசி வந்துச்சும்மா. சனங்க பயந்துருவாகன்னுதான் வெளிய சொல்லாம வச்சிருந்தேன்."

"பயம் இப்பத்தான் சார் இருக்கு. எல்லாக் கிணத்தையும் பாத்துப் பயப்படுறோம். இன்ன கிணறுன்னு சொல்லிட்டா அது ஒண்ணுக்குத்தானே பயப்படுவோம்?"

சின்னச்சாமி சிரித்துவிட்டார். உத்தரவுத் தாளை எடுத்து, அந்த வரியைத் தம் கையாலேயே எழுதி, கையெழுத்தும் போட்டார். ஒரு கான்ஸ்டபிளை மேலத்தெருக் கிணற்றடிக்குக் காவலுக்கு அனுப்பினார்.

"வாப்பா இருளாண்டி, நானும் கூட வாரேன்."

எட்டாவது தெருவில் இருளாண்டிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. சின்னச்சாமியே தாளை வாங்கிக் கூவினார். குரல் கீச்சென்று பிசிறியது. கதவுகளுக்குப் பின்னால் பெண்கள் சிரித்தார்கள். அவர் கூச்சத்தோடு தொப்பியைச் சரிசெய்துகொண்டு, இன்னொரு முறை, இன்னும் சத்தமாகக் கூவினார்.

பத்தாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து கடைசி ஆளும் வீடு திரும்பினார்.