எட்டுப் பொத்தான்கள்

கீழே காய்கறிக்காரர் தக்காளியை நிறுத்துப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். துவாரகாவில் தங்கள் வீட்டின் முதல் மாடி பால்கனியில் நின்ற பட்டு, கையிலிருந்த சின்னக் கருவியின் மூன்றாவது பொத்தானை அழுத்தினாள். "பையா, தனியா டாலோ" என்று, கொத்தமல்லி போடச் சொல்லி இந்தியில் அவள் குரல் ஒலித்திருக்க வேண்டும். ஒன்றும் கேட்கவில்லை. காய்கறிக்காரர் ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். பிறகு, இனாமாகத் தரும் கொத்தமல்லியைப் போடாமலே பையை அவள் கயிற்றில் இறக்கியிருந்த கூடையில் வைத்தார்.

புற்றுநோய்க்காகக் குரல்வளையை எடுப்பதற்கு முந்தின நாள்தான் மகன் நிகில் அவளைப் பேசச் சொல்லி அந்தக் கருவியில் பதிவு செய்தான். எட்டுப் பொத்தான், எட்டுக் குரல். முதலாவது, "சாப்ட்டியாடா?" அவன் ஆபீஸிலிருந்து திரும்பும்போதெல்லாம் கதவருகே அது ஒலிக்கும்.

உள்ளிருந்து இதைப் பார்த்த நிகில் லேப்டாப்பைத் திறந்தான். கருவியின் நிரலை நேற்றுதான் புதுப் பதிப்புக்கு மாற்றியிருந்தான். கருவி இயங்கத் தொடங்கியதும் எட்டுக் குரல்களையும் வரிசையாகச் சரிபார்க்கும் வரி ஒன்று அதில் உண்டு. பழைய பதிப்பில் அது ஒவ்வொன்றையும் இருந்த இடத்திலேயே பார்த்துவிட்டு நகரும். புதியதில் அதே வரி ஒவ்வொன்றையும் வெளியே எடுத்துவிடுகிறது. எடுத்ததை வேலை முடிந்ததும் அழித்துவிடு என்று, சோதனைப் பதிவுகள் சேர்ந்துவிடக் கூடாதே என்று, அவனேதான் எழுதியிருந்தான். இப்படி மாறப்போகிறது என்ற எச்சரிக்கையும் முன்பே வந்திருந்தது. திரை நிறைய மஞ்சள் எச்சரிக்கைகள் ஓடும். அதையெல்லாம் உட்கார்ந்து யார் படிக்கிறார்கள்?

"பேக்கப் இருக்கும்ல?" என்றாள் அவன் மனைவி மது.

"நேரா கருவியிலயேதான் ரெகார்ட் பண்ணேன்."

மது பால்கனிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

பட்டு கூடையைத் தூக்கி வைத்துவிட்டு வந்தாள்.

"அம்மா, நான்தான் அழிச்சுட்டேன். எட்டும் போயிடுத்தும்மா."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். தோள்கள் குலுங்கின. அழுகைக்கும் சத்தமில்லை, கழுத்துத் துளையில் மூச்சு மட்டும் இரைந்தது. நிகிலுக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

வெகுநேரம் கழித்து அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கருவியை எடுத்து, அவனைப் பார்த்தபடி முதல் பொத்தானை அழுத்தினாள்.

"சாப்ட்டேம்மா" என்றான். காலையிலிருந்து அவன் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

பட்டு நம்பவில்லை. அதே பொத்தானை மறுபடி அழுத்தினாள்.