நிழல் தெரியாத துணி

ராஜாராம் பைக்கை நிறுத்திப் பின்சீட்டுப் பார்சலின் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தபோதுதான் வாசலில் கிடந்த வாடகை நாற்காலிகளைப் பார்த்தான். கை அப்படியே நின்றுவிட்டது. நடு நாற்காலியில் இருந்த ஜெயினுலாபுதீன் அவனை முன்னமே பார்த்துவிட்டார். இன்றைக்கும் வந்துவிட்டானா என்றுதான் தோன்றியது அவருக்கு.

“பாய்... பாயம்மாவா?”

“காலையில மவுத்தாயிட்டா. உனுக்கு யாரு சொன்னது?”

“யாரும் சொல்லல பாய். ஜன்னல் ஸ்கிரீன் தைச்சி முடிஞ்சிது. மாட்டிட்டுப் போலாம்னு...”

அவனுக்குக் கண் கலங்கியது. கட்டின புருஷனுக்கே இன்னும் ஒரு சொட்டு வரவில்லை. மீசைக்கு மை அடித்த இந்த ஸ்கிரீன்காரனுக்கு என்ன வந்தது?

மகன் உசாமா கடப்பாக்கத்தில் இந்த வீட்டைக் கட்டி மூன்று மாதம்தான். மனைவி லத்தீஃபாவுக்குக் கிட்னி போய்விட்டது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போகிற நாள் தவிர மற்ற நாளெல்லாம் கட்டில்தான். அவள் அறை ஜன்னலுக்கு அவளே பார்த்து எடுக்கட்டும் என்று உசாமாதான் இவனை வரவழைத்தான். ராஜாராம் மாதிரித் துணிகள் ஒட்டின தடிப்புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு மூன்று தடவை வந்தான். வளையம் கோத்ததா, மடிப்பு வைத்ததா, தரை வரைக்கும் தொங்கணுமா, பாதியோடு நிற்கணுமா என்று ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரம்.

நாற்பத்தாறு வருஷத்தில் ஒரு புடவைக்குக்கூட இது பிடிக்கும், அது பிடிக்காது என்று அவள் அவரிடம் சொன்னதில்லை. அவர் எடுத்து வருவார், அவள் கட்டிக்கொள்வாள். கேட்டால் “நல்லாத்தான் கீது” என்பாள். அவ்வளவுதான். அப்படிப்பட்டவள் இவனிடம் வாய்விட்டுச் சிரித்தாள். ஜன்னலுக்கு வெளியே நாற்காலியைப் போட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தும் அவருக்குச் சிரிப்பு மட்டும்தான் கேட்டது. மருமகள் ஷஃபானா கூடவேதான் இருந்தாள். இருந்தால் என்ன? பழைய வீட்டில் லத்தீஃபா தண்ணீர் பிடிக்கப் போனாலே தெருமுனையில் போய் நிற்கிற ஆள் அவர். சந்தேகம் என்று எவனாவது சொன்னால் அடிக்கப் போவார். ஒரு கண் வைத்திருப்பது வேறு, சந்தேகம் வேறு.

ஷஃபானா வாசலுக்கு வந்தாள்.

“மாமா, அத்தைய குளிப்பாட்டப் பொம்பளைங்க வந்துட்டாங்க. வாசல் ஷெட்டுல மறைப்பு கட்டுன பெட்ஷீட்டு மெல்லிசா கீது. அந்தாண்ட வெயிலு, இந்தாண்ட ஆம்பளைங்களுக்கு நிழல் தெரியும்னு கத்துறாங்க. தடியா எதனா வேணும்.”

எல்லார் கண்ணும் பார்சல் மேல் போனது.

“அது வேணாம்” என்றார் அவர்.

“ஏன் மாமா?”

“வேணாம்னா வேணாம். என் பொண்டாட்டிய குளிப்பாட்ட இவன் துணியா?”

“அத்தை எடுத்த துணி மாமா அது.”

பக்கத்து நாற்காலியில் இருந்த உசாமா அப்பனைப் பார்த்தான். பிறகு தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான்.

ஜெயினுலாபுதீன் எழுந்து ராஜாராமின் கையைப் பிடித்துச் சுவரோரம் இழுத்துப் போனார்.

“உண்மைய சொல்லு. மூணு நாளும் அவகிட்ட இன்னா பேசுன? எதுக்கு சிரிச்சா?”

“இப்பப் போயி எதுக்கு பாய் அதெல்லாம்?”

“சொல்லுடா.”

“துணி பத்திதான் பாய். எந்தத் துணி காட்டுனாலும் மருமவள அதும் பின்னால நிக்கச் சொல்லுவாங்க. நிழல் தெரிஞ்சா வேணாம்னு தள்ளிடுவாங்க. பாயம்மாதான், எங்க வூட்டுக்காரரு வெளிய உக்காந்து எட்டி எட்டிப் பாத்துகினே இருப்பாரு, காலம் பூரா பாத்துட்டாரு, போற காலத்துலயாவது கொஞ்சம் தனியா இருந்துட்டுப் போறேன்னு சொல்லி சிரிச்சாங்க. தப்பா எடுத்துக்காத பாய். கோவமா சொல்லல.”

ஜெயினுலாபுதீன் அவன் கையை விட்டார். பைக்கிடம் போய்ப் பார்சலை அவரே பிரித்தார். கருநீலம். அவளுக்குக் கருநீலம் பிடிக்கும் என்று அவருக்குத் தெரியாது.

“அந்த முனைய புடி” என்றார்.

இரண்டு பேருமாக ஷெட்டில் கயிறு இழுத்து இரண்டு ஸ்கிரீனையும் பக்கம் பக்கமாக மாட்டினார்கள். உள்ளே சலவாத்து ஓதும் சத்தமும் தண்ணீர் மொள்ளும் சத்தமும் கேட்டன. கடற்காற்று ஒன்று அடித்ததில் இரண்டு துணியும் சேருமிடம் ஒரு சாண் விலகியது.

“யாருப்பா அங்க? மறைப்பு வெலகுது, புடிங்க!” என்று உள்ளேயிருந்து ஒரு பெண் கத்தினாள்.

உசாமா ஓடி வருவதற்குள் அவரே போய் இரண்டு ஓரத்தையும் சேர்த்து முதுகுக்குப் பின்னால் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கற்பூரம் கலந்த தண்ணீர் துணிக்கு அடியில் ஓடிவந்து அவர் காலை நனைத்தது. அவர் தெருவைப் பார்த்தே நின்றார்.