தொடாமல் விட்ட ஈறு

தெருவில் அவருக்கு அரை டாக்டர் என்று பெயர். பல் டாக்டர் அனுப்பும் அச்சை வைத்துப் பல் செட் செய்து கொடுப்பது அவர் வேலை. மெழுகு, மாவு, சின்னக் கத்தி, இவற்றைத் தாண்டி வாயைப் பற்றி அவருக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் நாள் முழுக்கப் பல்லோடு புழங்குகிறவருக்குத் தெரியாமலா இருக்கும் என்று தெரு நம்பியது. தெரு நம்பிவிட்டுப் போகட்டும், அவரும் நம்பினார். அங்கேதான் வந்தது வினை.

"ஏங்க, பல்லு தேய்ச்சாலே ரத்தம் வருது" என்று மனைவி முதன்முதலில் வந்து நின்றபோது, அவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"புண்ணா இருக்கும். அந்த இடத்தைத் தொடாத, தானா ஆறிடும்."

வீட்டிலேயே டாக்டர் இருக்கும்போது வெளியே போவானேன்? கீழ் முன்பற்களின் பக்கம் அவள் பிரஷ்ஷையே கொண்டுபோகவில்லை. வருஷங்கள் ஓடின. வாய் நாறியது, கிராம்பை வாயோரம் ஒதுக்கிக்கொண்டாள். வலிக்கவே இல்லை, அதுதான் கொடுமை. வலித்திருந்தால் யாரிடமாவது ஓடியிருப்பாள். கடைசியில் பற்கள் ஆட்டம் கண்ட பிறகுதான் டாக்டரிடம் போனார்கள்.

அவளை வெளியே உட்காரவைத்துவிட்டு, தொழில்காரர் என்ற உரிமையில் டாக்டர் அவரிடம் மட்டும் பேசினார்.

"பல்லோரம் படிஞ்ச அழுக்கு ஈறையும் கெடுத்து, எலும்பையும் அரிச்சிடுச்சு. ரத்தம் வந்தப்பவே வந்திருந்தா சுத்தம் பண்ணியே சரிபண்ணியிருக்கலாம். ரத்தம் வர்ற இடத்தைத்தான் மெதுவா, விடாம தேய்க்கணும். இப்ப எடுத்துத்தான் ஆகணும்."

வெளியே வந்து, "எடுத்துத்தான் ஆகணுமாம்" என்று மட்டும் அவளிடம் சொன்னார்.

அவளுடைய அச்சு அவர் மேசைக்கே வந்தது. எந்த வாடிக்கையாளருக்கும் அப்படி இழைத்து இழைத்துச் செய்ததில்லை. லேசாகச் சாய்ந்திருந்த ஒரு பல்லை அதே சாய்வோடு வைத்தார். அவள் மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தாள்.

"அப்படியே என் பல்லுங்க! உங்க கைக்குத் தங்கக் காப்பே போடலாம்."

அவருக்கு நாண்டுகொண்டு சாகலாம் போலிருந்தது. சொல்லிவிட வேண்டும் என்று நாக்கு நுனிவரை வந்தது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டார். நாளை வந்தது, போனது.

ஒரு காலை, வாஷ்பேசினில் மகள் துப்பிய நுரை சிவந்திருந்தது.

"எவ்வளவு நாளாம்மா இது?"

"ரொம்ப நாளாப்பா. அதான் அந்தப் பக்கம் தொடுறதே இல்ல."

"யாரு சொன்னது உனக்கு? அங்கதான் மெதுவாத் தேய்க்கணும்! விட்டா பல்லே போயிடும்! எந்த முட்டாள் சொன்னது?"

"அம்மாதான்..."

சத்தம் கேட்டு மனைவி சமையலறையிலிருந்து வந்தாள். செட்டைக் கழற்றி வைத்திருந்ததால் உதடு உள்ளே ஒடுங்கியிருந்தது. "நானா சொன்னேன்? நீங்கதானே அன்னைக்கு என்கிட்ட..."

அத்தோடு நின்றுவிட்டாள். அவரையே பார்த்தாள். முந்தானையை எடுத்து மெல்ல வாயை மூடிக்கொண்டாள். அவர் தலை குனிந்தது.

அன்றைக்கே மகளை டாக்டரிடம் அவளே கூட்டிக்கொண்டு போனாள். அவரைக் கூப்பிடவில்லை. செட்டும் கண்ணாடிக்கு முன்னால் கிண்ணத்துத் தண்ணீரிலேயே கிடந்தது.