வெறும் வேர்வை

புது வண்டிக்குக் கீழே அட்டை விரிக்கிற வீடு எங்காவது உண்டா? அவர்கள் வீட்டில் விரித்தார்கள். பிக்கப் வாங்கி நாலு மாதம்தான் ஆகியிருந்தது. ஷெட்டில் நிறுத்தும்போதெல்லாம் வண்டியின் வயிற்றுக்கு நேர் கீழே ஓர் அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போடுவாள் அவள். காலையில் பார்த்தால் சிவப்பாக ஒரு வட்டம் இருக்கும். முதலில் பொத்தான் அளவு, போகப் போகத் தட்டு அளவு. இன்ஜின் இழுப்பை நாலு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கிற இரும்புப் பெட்டி ஒன்று உண்டே, டிரான்ஸ்ஃபர் கேஸ், அதிலிருந்துதான் ஆயில் சொட்டிக்கொண்டிருந்தது. அந்த ஆயில் சிவப்பாக இருந்தது அவளுடைய கெட்ட நேரம். அட்டையில் சிவப்பைப் பார்த்தால் அவள் புருஷன் கண்ணிலும் சிவப்பு ஏறிவிடும்.

வண்டி ஓட்டுகிறவள் அவள்தான். மேட்டில் எழும்புகிற கட்டடங்களுக்கு டைல்ஸ் பெட்டி கொண்டுபோவது தொழில். புருஷன் ஏற்றுவான், இறக்குவான், மிச்ச நேரத்தில் யாரோடாவது மல்லுக்கு நிற்பான். வெடி என்று அவனுக்குப் பெயர், திரிகூட வேண்டாத வெடி. வண்டியை விற்ற கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் சூப்பர்வைசராக இருந்தவன் அவளுடைய கூடப்பிறந்த தம்பி. அவன் பேச்சை நம்பித்தான் வாங்கினார்கள். கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொன்னால் நாக்கு அழுகிவிடும் என்று நினைக்கிற ஜாதி அவன். மழுப்பன் என்று வெடி அவனுக்கு வைத்த பெயர் பொருத்தமாகவே இருந்தது. இவர்களில் ஒருவன் கையால் மற்றவன் சாகப்போகிறான் என்ற பயம் கல்யாணத்தன்றே அவள் அடிவயிற்றில் வந்து உட்கார்ந்ததுதான், இன்னும் எழுந்திருக்கவில்லை.

அந்த சர்வீஸ் சென்டரில் ஒரு வார்த்தை புழங்கியது. இரும்பின்மேல் ஈரம் படிந்திருந்தால் அது 'வேர்வை'. துடைத்து அனுப்பினால் போதும். கீழே சொட்டினால்தான் 'ஒழுக்கு'. ஒழுக்கு என்று எழுதினால் பெட்டியைக் கழற்ற வேண்டும், கடைசியாக யார் கை வைத்தது என்று மேனேஜர் கேட்பார். கை வைத்தவன் தம்பி. முதல் தடவை வந்தபோது, அக்கா வண்டியாயிற்றே என்று அவனே கீழே படுத்து, ஆயில் கசியாமல் தடுக்கிற 'சீல்' என்ற ரப்பர் வளையத்தை மாற்றினான். சாப்பாட்டு நேர அவசரத்தில் கோணலாக அடித்துவிட்டான். இரண்டாவது தடவை வந்தபோது 'வேர்வை' என்று எழுதித் துடைத்து அனுப்பினான். காதைத் திருகிக் கேட்டபோது அக்காவிடம் ஒப்புக்கொண்டான். அவள் அதைப் புருஷனிடம் சொல்லவில்லை. சொன்னால் கொலை விழும் என்று முழுங்கிவிட்டாள். முழுங்கினது தப்பு.

மூன்றாவது தடவை போனது ஒரு நடுமத்தியானம். முதுகு நிறைய டைல்ஸ் பாரத்தோடு வந்த வண்டியில் அந்த இரும்புப் பெட்டி முனகிக்கொண்டே வந்தது. தம்பி வண்டியை வாங்கி, பின்பக்கம் வாட்டர் வாஷுக்கு இறங்குகிற சரிவில் நிறுத்தினான். அங்கே யாரும் ஹேண்ட் பிரேக் போட மாட்டார்கள். தண்ணீர் அடித்தபின் பிரேக் ஒட்டிக்கொள்ளும் என்று முதல் கியரில் விட்டு, பின்சக்கரத்துக்கு ஒரு கட்டையை அண்டக் கொடுப்பதுதான் வழக்கம். அதற்குமுன் சத்தம் இல்லை என்று காட்டுவதற்காக, கியர் லிவருக்குப் பக்கத்தில் அந்தப் பெட்டிக்கென்றே இருக்கிற சின்ன லிவரை நியூட்ரலில் தள்ளி, நின்ற இடத்திலேயே இன்ஜினை உறுமவிட்டான். நியூட்ரலில் பெட்டி எப்படி முனகும்? பிறகு அணைத்தான், பெரிய லிவரை முதல் கியருக்குக் கொண்டுவந்தான், சின்னதை மறந்தான். சின்னது நியூட்ரலில் இருந்தால் பெரியது எந்தக் கியரில் இருந்தும் பிரயோஜனமில்லை, சக்கரத்தைப் பிடித்து நிறுத்த ஆளே கிடையாது. கட்டை ஒன்றுதான் அத்தனை பாரத்தையும் தாங்கிக்கொண்டிருந்தது.

வெடி கையோடு கொண்டுவந்திருந்த மூன்று நாள் அட்டைகளை வரிசையாகத் தரையில் வைத்தான். ஆச்சரியமாக, அடக்கமாகத்தான் கேட்டான். தம்பி குனிந்துகூடப் பார்க்காமல் ஜாப் கார்டில் எழுதிக்கொண்டே சொன்னான்.

"வெறும் வேர்வை மாமா. புது வண்டின்னா அப்படித்தான்."

வெடியின் கை எப்போது எழுந்தது என்று அவளுக்குத் தெரியாது. பேனா பறந்தது. தம்பியின் மூக்கு வண்டிக் கதவில் போய் மோதியது, எலும்பு உடைந்த சத்தம் அவளுக்கே கேட்டது. வீல் ஸ்பேனரை உருவி முதல் வீச்சில் பக்கக் கண்ணாடியைச் சிதறடித்தான் வெடி. இரண்டாவது வீச்சு தம்பியின் தோளில் இறங்கியது. அவள் குறுக்கே பாய்ந்தாள். புருஷன் ஒரு தள்ளு தள்ளியதில் முழங்கை தேய்ந்து போய் விழுந்தாள். ஓடிவந்த மெக்கானிக்குகள் ஸ்பேனரைப் பார்த்ததும் தூரத்திலேயே நின்றுவிட்டார்கள். சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவன் மண்டையைக் கொடுப்பானா?

வெடி மைத்துனனின் பிடரியைப் பிடித்து வண்டிக்கு அடியில் திணித்தான். "வாயத் தொறந்து படுடா. வேர்வையா ஒழுக்கான்னு உன் நாக்கே சொல்லட்டும்."

விலாவில் உதை விழுந்தது, இன்னொன்றும் விழுந்தது. மேலே இருந்து சிவப்பு ஆயில் சொட்டுச் சொட்டாகத் தம்பியின் கன்னத்தில் விழுந்து மூக்கு ரத்தத்தோடு கலந்தது. அவன் மறுபக்கம் ஊர்ந்து தப்பப் பார்த்தான். வெடி கணுக்காலைப் பிடித்து வெளியே இழுத்தான். இழுபடுகிறவன் கைக்கு அகப்பட்டதைப் பிடிப்பான். அகப்பட்டது அந்தக் கட்டை. அது கையோடு வந்துவிட்டது.

வண்டி பின்னால் நகர்ந்தது. சத்தமே போடவில்லை, அதுதான் கொடுமை. அவள் எழுந்து கதவைப் பிய்த்துக்கொண்டு ஏறி பிரேக்கை மிதிப்பதற்குள் பின்சக்கரம் தம்பியின் இடது கைமேல் ஏறி நின்றுவிட்டது. அவன் போட்ட அலறல் மனிதன் போடுகிற மாதிரி இல்லை.

முன்னால் ஒரு சாண் எடுத்தால் போதும். ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு இன்ஜினைக் கிளப்பி கிளட்சை விட்டாள். இன்ஜின் கத்தியது, வண்டி அசையவில்லை. அப்போதுதான் சின்ன லிவரைப் பார்த்தாள். பாவி, நியூட்ரலில் விட்டிருக்கிறான். அதை இழுத்து, பாரம் இழுக்கிற 'லோ'வில் போட்டு மறுபடி கிளட்சை விட்டாள். காய்ந்துபோன பெட்டிக்குள் சங்கிலி பல்லைத் தாண்டித் தாண்டிக் குதித்தது, பிறகு காலடியில் குண்டு வெடித்த மாதிரி ஓர் அதிர்வு. கருகல் வாடை வந்தது. பெட்டி செத்துவிட்டது. ஆயில் இருந்திருந்தால் தம்பியின் கை அந்த நிமிஷமே வெளியே வந்திருக்கும். துடைத்துத் துடைத்து அனுப்பினவன் அவன்தான்.

ஹேண்ட் பிரேக் மட்டும் அந்தப் பாரத்துக்குப் போதாது. இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்துக்கொண்டு வெளியே பார்த்தாள். கொல்ல வந்த வீரன் ஸ்பேனரோடு மரமாக நின்றிருந்தான். கல்யாணமான நாளிலிருந்து 'ஏங்க' என்றே கூப்பிட்டுப் பழகியவள் அன்று அப்படிக் கூப்பிடவில்லை.

"யோவ், அதக் கீழ போட்டுட்டு ஜாக்க எடுய்யா. என் தம்பி சாகுறான்."

வெடி ஜாக்கை எடுத்து அச்சுக்கு அடியில் வைத்துத் திருகினான். அழுதுகொண்டே திருகினான். மெக்கானிக்குகளுக்கும் இப்போதுதான் தைரியம் வந்தது, நாலு பேராகக் கட்டை கொண்டுவந்து முட்டுக் கொடுத்தார்கள். சக்கரம் இரண்டு விரல்கடை உயர்ந்ததும் தம்பியை வெளியே இழுத்தார்கள். இடது கையில் கட்டைவிரலும் சுட்டுவிரலும் மட்டும் உருவத்தோடு இருந்தன. உயிர் இருந்தது. அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது, இரண்டு பேர்மேலும், தன்மேலும்.

அவளைக் கைத்தாங்கலாக இறக்கினார்கள், கால் இரண்டும் மரத்துப்போயிருந்தன. தம்பியின் கையைத் தன் துப்பட்டாவால் இறுக்கிக் கட்டும்போது, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டே அவன் முணுமுணுத்தான்.

"அக்கா, நியூட்ரல்ல விட்டது நான்னு சொல்லிடாத. வேலை போயிடும்."

இதற்குள் வெடி தோளுக்குப் பின்னால் வந்து குனிந்தான். கட்டை தானாக நழுவிவிட்டது என்று சொல்லச் சொன்னான், அடித்ததைச் சொன்னால் தன்னை உள்ளே வைத்துவிடுவார்களாம்.

மேனேஜர் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டுக்கொண்டே ஓடிவந்தார். என்ன நடந்தது என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார், மெக்கானிக்குகள் ஆளுக்கொரு வேலையாக நகர்ந்தார்கள். அவள் எழுந்து நின்று சொன்னாள். சீலைக் கோணலாக அடித்தது தம்பி, மறைத்தது தம்பி, சின்ன லிவரை மறந்தது தம்பி. மூக்கை உடைத்தது புருஷன், அடியில் தள்ளியது புருஷன், காலைப் பிடித்து இழுத்தது புருஷன். சீல் விஷயம் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு ஆயில் இல்லாத வண்டியில் பாரம் ஏற்றி ஓட்டியது தான். ஒன்றையும் விடவில்லை. போலீஸ் வந்தாலும் இதையேதான் சொல்வேன் என்றாள்.

தம்பி கண்ணை மூடிக்கொண்டான். வெடி அவளை முன்பின் பார்க்காதவளைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

"நீ யாரு பக்கம்டி?" என்றான்.

"சக்கரத்துக்கு அடியில கெடக்குறவன் பக்கம். இன்னைக்கு இவன். நாளைக்கு நீ கெடந்தாலும் இப்படித்தான் மிதிச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன், அப்புறம் இப்படித்தான் சொல்லுவேன்."

ஆம்புலன்ஸ் கேட்டுக்குள் நுழைந்தது. தம்பியோடு அவள் ஏறிக்கொண்டாள், புருஷனைக் கூப்பிடவில்லை.