டி போதும் என்று சொன்னவன்

குவா மூசாங்கைத் தாண்டியதும் சாலை போக ஒரு தடம், வர ஒரு தடம் என்று சுருங்கிவிட்டது. மறுநாள் பெருநாள். கோலாலம்பூரில் பிழைக்கும் கிளந்தான்காரர்களில் பாதிப்பேர் இந்தச் சாலையில்தான் ஊர்ந்துகொண்டிருந்தார்கள். முன்னால் எண்ணெய்க்கான செம்பனைக் குலைகளை ஏற்றிய லாரி ஒன்று மேட்டில் முனகிக்கொண்டே ஏறியது.

"உன் வீடியோ பார்த்ததுல இருந்து கியர்ல எஸ் பக்கமே கை போறதில்லடா ஷுக்ரி," என்றார் லொக்மான். "டி-யில போட்டா அதுபாட்டுக்குப் போகுது. பெட்ரோலும் மிச்சம், உங்க அக்கா வாயும் மிச்சம்."

"என் வாய் எங்க மிச்சமாச்சு? நீங்க பிரேக் அடிக்கிற அடியில டின்ல இருக்கிற பிஸ்கட்டெல்லாம் மாவாயிட்டு வருது," என்றாள் பின்சீட்டிலிருந்து ரொஹானி. அவளுக்கு இருபுறமும் பிள்ளைகள் இரண்டும் வாயைப் பிளந்து தூங்கின.

ஷுக்ரி சிரிக்கப் பார்த்தான். வரவில்லை. நோன்பு வயிறு என்று நினைத்துக்கொள்வார்கள்.

கார்களை ஓட்டிப் பார்த்து வீடியோ போடுவது அவன் வேலை. இரண்டு மாதம் முன்பு இதே வண்டியை அண்ணன் முறையில் அபாங் என்று அவன் கூப்பிடும் அக்காள் கணவர் லொக்மானிடம் இரவல் வாங்கிப் பந்தயத் திடலுக்குக் கொண்டுபோனான். டி-யில் வேகமா, எஸ்-ஸில் வேகமா என்பதுதான் சோதனை. இரண்டும் தானியங்கிக் கியரின் நிலைகள். டி அன்றாட ஓட்டத்துக்கு. கியர் சீக்கிரமே மேலே ஏறிவிடும். எஸ் கீழ்க் கியரை விடாமல் பிடித்து வைத்திருக்கும். மிதித்தால் உடனே பாயும். முதலில் டி-யில் ஓட்டினான். நல்ல நேரம் வந்தது. அப்புறம் கேமராவுக்காக ஒரு வேடிக்கை: இடது காலால் பிரேக்கை அழுத்தி, வலது காலால் முடுக்கி, சட்டென்று பிரேக்கை விட்டுப் பாய்வது. அதை மட்டும் செய்யாதே என்று லொக்மான் கெஞ்சிச் சொல்லித்தான் சாவியைக் கொடுத்திருந்தார். ஐந்தாறு முறை செய்ததில் கியர்பெட்டி கொதித்து மஞ்சள் விளக்கு எரிந்தது. எஸ் சோதனை அதற்குப் பிறகுதான் நடந்தது. சூடேறிய பெட்டி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்தது. எஸ் தோற்றது.

"ஆறட்டும், இன்னொரு நாள் வந்து எடுப்போம்," என்றான் கேமரா பிடித்த கின் ஹோங். இன்னொரு நாளுக்குத் திடல் வாடகை கொடுக்க முடியாது என்று ஷுக்ரி மறுத்துவிட்டான். விளக்கு அணைந்ததும் வண்டியைக் கழுவித் துடைத்து வீட்டில் விட்டான். 'எஸ் வெறும் சத்தம், டி போதும்' என்று தலைப்பு வைத்தான். அவன் போட்டதிலேயே அதிகம் பேர் பார்த்தது அதைத்தான்.

லொக்மான் வலப்பக்கம் எட்டிப் பார்த்தார். சாலை காலியாக இருந்தது. லாரியை முந்த எதிர்த்தடத்தில் ஏறினார். பாதி லாரியைக் கடக்கும்போது வளைவு தெரிந்தது. ஒரு கணம் தயங்கிக் காலை எடுத்தார். அந்த ஒரு கணம் போதும், டி மேல் கியருக்குத் தாவிவிட்டது. திரும்ப மிதித்தார். வண்டி யோசித்தது. வளைவிலிருந்து பேருந்து ஒன்று விளக்கை அடித்துக்கொண்டு வந்தது.

ஷுக்ரியின் கை தானாகப் பாய்ந்து கியரை எஸ்-ஸுக்கு இழுத்தது. "மிதிங்க அபாங், மிதிங்க!"

எஞ்சின் அலறியது. லாரியின் மூக்கைத் தாண்டி உள்ளே நுழைந்தபோது பேருந்தின் காற்று காரை உலுக்கிவிட்டுப் போனது. பின்சீட்டில் பிஸ்கட் டின் கவிழ்ந்தது. பிள்ளைகள் அழுதன.

லொக்மான் ஓரமாக நிறுத்தினார். கைகளை ஸ்டியரிங்கிலிருந்து எடுக்கவில்லை.

"ஏண்டா உன் கை எஸ்-ஸுக்குப் போச்சு?"

ஷுக்ரி கையைக் கியரிலிருந்து பின்னிழுத்தான்.

"எஸ் வெறும் சத்தம்னு சொன்னவன் நீதானே? உசுரு போற நேரத்துல உன் கை எதுக்கு அங்க போகுது?"

சொன்னான். பிரேக்கை அழுத்தி முடுக்கியதை, மஞ்சள் விளக்கை, அது அணையும்வரை நிழலில் நிறுத்தி வைத்ததை எல்லாம் சொன்னான். லொக்மான் அடித்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவர் கண்ணாடியில் பிள்ளைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வண்டி கெட்டா கெட்டுட்டுப் போகுது," என்றார் கடைசியில். "எத்தனை பேர்டா அதைப் பார்த்திருக்காங்க?"

"மூணு லட்சம்."

"அவங்கள்ல எத்தனை பேர் இன்னைக்கு இந்த ரோட்டுல?"

ஷுக்ரி இறங்கிக் கைப்பேசியை எடுத்தான். அந்த வீடியோவை அழிக்க வேண்டும். சிக்னல் ஒரு கோடுகூட இல்லை.

"பேசிப் பதிவு பண்ணு. ஊர் வந்ததும் போடலாம்," என்று ரொஹானி இறங்கி வந்து போனைப் பிடுங்கிக் கேமராவை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். முக்காட்டில் பிஸ்கட் தூள்.

"வணக்கம் நண்பர்களே, சில காரணங்களால அந்தச் சோதனை முடிவு..."

"என்னடா சில காரணம்? அப்பன் வீட்டு வண்டி மாதிரி கொதிக்க வெச்சேன்னு சொல்லு! திரும்ப ஆரம்பி."

திரும்ப ஆரம்பித்தான். "நான் பொய் சொன்னேன்" என்ற இடத்துக்கு இன்னும் வரவில்லை. அதற்குள் இன்னொரு செம்பனை லாரி முக்கிக்கொண்டே அவர்களைக் கடந்து போனது. அதன் பின்னால் ஒட்டிவந்த காரை ஓட்டிய இளைஞன் இடப்பக்க ஜன்னலை இறக்கிக் குனிந்து பார்த்தான்.

"அபாங் ஷுக்ரி! நீங்கதானே? டி போதும்!" என்று கட்டைவிரலை உயர்த்தினான். அவனருகே ஒரு பெண், மடியில் குழந்தை. கார் லாரியின் பின்னாலிருந்து வலப்பக்கம் விலகத் தொடங்கியது.

"வேணாம்! எஸ்-ஸுல போடு! எஸ்!"

ஷுக்ரி இரு கைகளையும் வீசிக்கொண்டு மேட்டில் ஓடினான். ஜன்னலுக்கு வெளியே அந்தப் பெண்ணின் கையும் அசைந்தது. பெருநாள் வாழ்த்து என்று நினைத்திருப்பார்கள். ஹாரனை இரண்டு முறை அடித்துவிட்டு வளைவில் மறைந்தார்கள்.